தேடினால் வரும் ஒரே பக்கம்

தொண்ணூற்றொன்பதாம் வருடத் தொடக்கத்தில், அண்ணனிடமிருந்து கடிதம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கிள்ளான் பக்கம் ஓட்டல் வேலை என்று அவனை மலேசியாவுக்கு அனுப்பிவைத்த ஏஜென்ட், புதுக்கோட்டையில் வைத்திருந்த ஆபீசைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தான். அங்கே இப்போது ஒரு பாத்திரக் கடை. அண்ணனுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். வந்த கடிதங்கள் எல்லாமே யாரோ எழுதிக் கொடுத்தவை. எழுதிக் கொடுத்தவர் வேறு ஊர் போய்விட்டாரா, அண்ணன்தான் போய்விட்டானா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரியும் முடித்த முதல் ஆள் நான். அண்ணன் அனுப்பிய பணத்தில்தான் முடித்தேன். படித்ததற்கு வேலை கிடைக்காமல், காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதிதாகத் திறந்திருந்த ஒரு ப்ரௌசிங் சென்டரில் இருந்தேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன். கரண்ட் இருந்தால் லைன் இருக்காது. லைன் இருந்தால் கரண்ட் இருக்காது.

மதினி எங்களோடுதான் இருந்தார். கல்யாணமாகி ஏழு மாதத்தில் விமானம் ஏறியவன் அண்ணன். பிள்ளை இல்லை. அந்தத் தை மாதம் மதினியின் அண்ணன் பெரியவர்கள் இரண்டு பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் சனத்தில் பெண்ணுக்கு மறுகல்யாணம் உண்டு. புருசன் உயிரோடு இருந்தால் அவன் ஒரு வார்த்தை சொல்லி, தாலியை அவன் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். இறந்திருந்தால் அந்த வார்த்தை தேவையில்லை. அண்ணன் இரண்டு கணக்கிலும் இல்லை. அதனால்தான் மதினி எங்கும் போக முடியாமல் இருந்தார்.

பேச்சு முடியாமல் போன மறுநாள், மதினியின் அண்ணன் நேராக சென்டருக்கே வந்துவிட்டார். டீயைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"இது உலகம் பூராத் தேடுமாமே மாப்பிள்ளை?"

"தேடும் மச்சான். ஆனா..."

"ஆனா ஆவன்னா எல்லாம் அப்புறம். பேரைப் போடு."

போட்டேன். அண்ணனுக்கு வேல் வைத்திருக்கும் சாமியின் பெயர். ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தது. முதலில் எல்லாம் கோயில்கள். மலேசியா என்று சேர்த்துப் போட்டேன், பத்துமலை வந்தது. எங்கள் ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துப் போட்டதும் திரை சுத்தமாகிவிட்டது. பொருந்தும் பக்கம் எதுவும் இல்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி.

"என்னங்குது?"

"இல்லைங்குது. அப்படின்னா அண்ணனப் பத்தி யாரும் எங்கயும் எழுதி வைக்கலைன்னு அர்த்தம் மச்சான். வேற ஒண்ணுமில்ல." அவருக்குப் புரியவைக்க என் பெயரைப் போட்டேன். இல்லை. அவர் பெயரையும் போட்டேன். "பாருங்க, நீங்களும் இல்ல."

"எனக்கென்னடா, நான் இந்தா ஒக்காந்து டீ குடிக்கிறேன். ஒங்கண்ணன் எங்க?"

அன்று சாயங்காலம் நான் டவுன் பஸ்ஸில் ஊர் வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. கம்ப்யூட்டரே இல்லை என்று சொல்லிவிட்டதாம். படித்த தம்பியே தட்டிப் பார்த்தானாம். பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவர் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வந்து, அம்மாவின் கையைப் பிடித்து அழ ஆரம்பித்திருக்கிறார்.

"எந்திரிச்சுப் போ" என்று அம்மா சொன்னது வாசல்வரை கேட்டது. "எம்புள்ள இருக்கான். அழுகணும்னா ஒன் வீட்டுல போய் அழு."

இரண்டாம் தரம் கூட்டம் கூடியபோது என்னைத்தான் நடுவில் உட்காரவைத்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நாம் கேட்கும்போது அது எங்கேயும் ஓடிப்போய்த் தேடுவதில்லை. ஆளில்லாமல் தானாக ஓடும் ஒரு புரோகிராம் முன்கூட்டியே பக்கம் பக்கமாகப் போய்ப் பார்த்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும். நாம் கேட்டால் அந்தக் குறிப்பைப் புரட்டிச் சொல்லும், அவ்வளவுதான்.

"அது நம்ம ஊருக்கு வந்துச்சா?" என்றார் பெரியவர்களில் ஒருவர்.

"வரலைங்க. ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு வழி போட்டிருந்தாத்தான் அது வரும். நம்ம ஊருக்கு யாரும் வழி போடல."

"பஸ்ஸே ரெண்டு தரந்தான் வருது. இது எங்க வரப்போகுது" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை.

"அப்ப வராத ஒண்ணு இல்லைன்னு சொன்னா அதுக்கென்ன மரியாதை? விடுங்க. எந்தங்கச்சிக்கு வயசு போகுது. அதைப் பேசுங்க."

அடுப்படி நிலையில் நின்றுகொண்டிருந்த மதினி அப்போதுதான் பேசினார்.

"தம்பி, நாமளே ஒரு பக்கம் எழுதிப் போட முடியுமா? அவரு படத்தோட?"

"போடலாம் மதினி."

"அது வந்து பாத்துட்டுப் போகுமா?"

"வழி போட்டா வரும்."

மதினி தன் அண்ணனைப் பார்த்தார். "அப்ப அது வந்து பாக்கட்டும். அதுக்கப்புறமும் ஒரு சேதி இல்லைன்னா, பங்குனியில தாலியைக் கொடுத்துட்டு நானே வர்றேன். அதுவரைக்கும் என்னை யாரும் கூப்பிடாதீக."

அப்படித்தான் எங்கேயோ கடல் தாண்டி ஓடிக்கொண்டிருந்த, கண்ணால் பார்க்க முடியாத ஒரு புரோகிராமின் வருகையில் மதினியின் தாலி போய் நின்றது.

அண்ணனைத் தனியாக எடுத்த படம் எதுவும் வீட்டில் இல்லை. கல்யாணப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்து, அண்ணனை மட்டும் வெட்டி எடுத்தேன். பக்கத்தை இங்கிலீஷில் எழுதினேன். தேடும் தளங்களுக்கு அன்றைக்கு அதுதான் படிக்கத் தெரியும். பெயர், அப்பா பெயர், ஊர், இடது புருவத்துக்கு மேல் தழும்பு, கண்டவர்கள் எழுத வேண்டிய மெயில் முகவரி. ஒரு பக்கத்தில் ஒரு சொல் எத்தனை தடவை வருகிறது என்று பார்த்துத்தான் முன்னால் வைக்கும், பின்னால் வைக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் அடியில் அண்ணன் பெயரையும் ஊர்ப் பெயரையும் மாற்றி மாற்றி வரி வரியாக அடித்தேன். கோயில்களுக்கு முன்னால் அவன் வர வேண்டுமே.

மதினி வெள்ளிக்கிழமைகளில் காரைக்குடிக்கு வருவார். சென்டரில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். முதல் தடவை அந்த வரிகளைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஸ்ரீராமஜெயம் எழுதுற மாதிரி எழுதியிருக்கீக" என்றார்.

தேடும் தளங்களில் போய் எங்கள் பக்கத்தின் முகவரியைப் பதிந்தேன். சில வாரங்கள் ஆகலாம் என்று பதில் வந்தது. காரைக்குடியில் படித்துவிட்டு அமெரிக்கா போன ஒருவர் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி ஒரு பக்கம் வைத்திருந்தார். அவருக்கு மெயில் எழுதிக் கெஞ்சினேன். பத்து நாள் கழித்து, வருத்தத்தோடு இரண்டு வரி எழுதி, அவர் பக்கத்தின் கடைசியில் எங்களுக்கு ஒரு வழி போட்டுக் கொடுத்தார். அதுவரை எங்களை நோக்கி உலகத்தில் ஒரு விரல்கூட நீண்டதில்லை.

அதன்பிறகு காத்திருப்புதான். தினமும் கடை திறந்ததும் பெயரை அடிப்பேன். இல்லை. மதினி வெள்ளிக்கிழமை வந்து, "வந்துச்சா?" என்பார். யாரைக் கேட்கிறார் என்று நான் யோசித்ததில்லை. "இன்னும் வரலை மதினி" என்பேன். தை போய் மாசியும் பாதி போனது. வீட்டுக்கு வந்த மச்சான் அம்மாவிடம், "ஒங்க மகனும் வரல, அந்தச் சனியனும் வரல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் லைன் கிடைத்தது. வழக்கம்போல் அடித்தேன். ஒரு பக்கம் வந்திருந்தது. ஒன்றே ஒன்று, அண்ணன் பெயரோடு. நான் செய்த ஒரு காரியம் முதன்முதலாக எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து மதினி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"வந்துருச்சு மதினி!" என்று கத்திவிட்டேன்.

மதினி கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். நான் அதற்குள் அழுத்தியிருந்தேன். அந்த லைனில் படம் ஒரேயடியாக வராது. மேலிருந்து கோடு கோடாக இறங்கும். முதலில் முடி வந்தது. நெற்றி. தழும்பு. மதினி வாயைப் பொத்திக்கொண்டார். கண் வந்தது. "மெலிஞ்சுட்டாரா?" என்று கேட்டார். அப்போதுதான் அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. படம் இறங்கிக்கொண்டே இருந்தது. மூக்கு, மீசை, கழுத்து மாலை. தோள் வந்ததும், அண்ணன் தோளை ஒட்டிப் படத்தின் ஓரத்தில், நான் முழுசாக வெட்டாமல் விட்ட ஒரு துண்டு அரக்கு நிறம் வந்தது, சரிகைக் கரையோடு.

மதினி விரலை வைத்து அதைத் தொட்டார்.

"இது என் சேலை."

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"நாம போட்டதா தம்பி?"

"ஆமா மதினி. அது வந்து பாத்துட்டுப் போயிருக்கு. அதைத்தான் சொன்னேன்."

"நாம போட்டதையே நமக்குக் காட்டுது." கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். மதினி பையை எடுத்துக்கொண்டார். கொட்டிய வெங்காயத்தை நான்தான் பொறுக்கிப் போட்டேன். "வேற யாரும் எழுதலையா?" என்று கதவருகே நின்று ஒரு தடவை கேட்டார். மெயில் பெட்டியைத் திறந்து காட்டினேன். காலியாக இருந்தது.

பங்குனி பிறந்ததும் மச்சான் வந்தார். மதினி தாலியைக் கழற்றி ஒரு தட்டில் வைத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா வாங்கவில்லை. தட்டு கொஞ்ச நேரம் மதினியின் கையிலேயே இருந்தது. கடைசியில் நான் வாங்கினேன். வாங்குவதற்கு ஒரு ஆண் வேண்டும் என்றார்கள். அப்பா இல்லாத வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

வைகாசியில் தேவகோட்டைப் பக்கம் மதினிக்கு வரன் பேசினார்கள். மச்சான் மறுபடியும் சென்டருக்கு வந்தார். இந்தத் தடவை டீ வேண்டாம் என்றார்.

"மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருத்தன் திருச்சியில கம்ப்யூட்டர் படிக்கிறானாம். நம்ம ஊர்ப் பேரைத் தட்டிப் பாத்திருக்கான். முதல்ல ஒங்கண்ணன்தான் வர்றானாம். தேடிக்கிட்டு இருக்கோம்னு போட்டிருக்காம். அவுக கேக்குறாக, தேடுறீகளா, உறவைத் தீர்த்துட்டீகளான்னு. நான் என்ன சொல்ல?"

நானும் தட்டிப் பார்த்தேன். உண்மைதான். எங்கள் ஊரைப் பற்றி உலகத்தில் வேறு யாரும் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. கோயில்களுக்கு முன்னால் அவனைக் கொண்டுவர என்னால் முடியவில்லை. ஊருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா, "எடுக்காத" என்றார். "அவன் எங்கயாவது இருந்து நம்மளத் தேடினா?"

"அண்ணனுக்கு எழுதத் தெரியாதும்மா."

"யாராச்சும் எழுதிக் கொடுப்பாக."

மறுநாள் பக்கத்தை அழித்தேன். மதினி வாழ வேண்டியவர். ஆனால் அழித்த பிறகும் தேடினால் அண்ணன் பெயர் வந்தது. அழுத்தினால் மட்டும் அப்படி ஒரு பக்கம் இல்லை என்றது. மச்சான் போன் செய்தார்.

"இன்னும் தெரியுதாமே மாப்பிள்ளை?"

"எடுத்துட்டேன் மச்சான். அது மறுபடி வந்து, இல்லைன்னு பாத்துட்டுப் போனாத்தான் மறையும்."

"எப்ப வரும்?"

"சொல்ல முடியாது."

"ஒங்க வீட்டுல எதையுமே சொல்ல முடியாதுடா" என்று வைத்துவிட்டார்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அந்த வாரமோ அதற்கு அடுத்த வாரமோ, காலையில் கடை திறந்து அண்ணன் பெயரை அடித்தேன். கோயில்கள் வந்தன. ஊர்ப் பெயரைச் சேர்த்து அடித்தேன். திரை சுத்தமாக இருந்தது. ஊர்ப் பெயரை மட்டும் தனியாக அடித்துப் பார்த்தேன். அதுவும் இல்லை.