அண்ணா விட்டுப்போன நாய்

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் ஓர் அக்கிரகாரத்தில் குடியிருந்தோம். பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்த என் அண்ணா மலைக்காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய டிரங்குப் பெட்டியோடு அவர் வளர்த்த நாயும் லாரியில் வந்து இறங்கியது. அதை விரட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

ஆனால் எங்கள் தெருவில் நாய் வைத்துக்கொள்வது லேசான காரியமில்லை. நாயைத் தொட்டால் ஆற்றில் முழுகாமல் அடுக்களைப் பக்கமே போகக்கூடாது. அதனால் கொல்லைப் பலாமரத்தில் கட்டிப் போட்டோம். சோற்றை இலையில் வைத்துக் கழியால் தள்ளிவிடுவோம். கொல்லைக்குப் பின்னால்தான் ஆற்றுக்குப் போகிற இடைவழி. அங்கே யார் நடந்தாலும் மூச்சு விடாமல் குரைக்கும். நாங்கள் அதட்டினால், நாங்களும் சேர்ந்து குரைப்பதாக நினைத்துக்கொண்டதோ என்னவோ, இன்னும் பலமாகக் குரைக்கும். வாயைக் கயிற்றால் கட்டச் சொன்ன புண்ணியவான்களும் உண்டு.

அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைக்கு டைபாய்டு கண்டது. தூங்க விடாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள் காலை குழந்தையின் அப்பா எங்கள் வேலியருகே வந்து நின்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கொழந்தைக்கு ஸ்வல்பம் ஒறக்கம் வேணும். நாய் பிடிக்கறவா கிட்ட குடுத்துடுங்கோ. கெஞ்சிக் கேக்கறேன்."

கொடுத்தால் கொன்றுவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி என்று தலையாட்டினேன்.

அப்போது அம்மா குளித்துவிட்டு ஆற்றிலிருந்து குடத்தோடு வந்தாள். நாய் இடைவழியைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. அம்மா குடத்தை இறக்கி வைத்தாள். ஈரப்புடவையோடு நேரே நாயிடம் போய் அதன் கழுத்தில் கை வைத்தாள். இடைவழியை எட்டிப் பார்த்தாள்.

"பாத்தாச்சுடா, போறும்."

நாய் நிறுத்திவிட்டு அவள் காலடியில் படுத்தது. தோட்டத்தில் சிறுத்தை வாடை அடித்து அது குரைத்தால் அண்ணா வெளியே போய்ப் பார்த்து, இப்படித்தான் தொட்டுச் சொல்வாராம். லீவில் வந்தபோது அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா திரும்பவும் ஆற்றுக்குப் போனாள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். அவரும் ஒப்புக்கொண்டார். இடைவழி தெரியாதபடி ஓலைத் தட்டி கட்டினேன். தினமும் விடிந்ததும் நாயை ஆற்றங்கரையில் நடத்திக் கூட்டிவந்தேன். குரைத்தால் அதட்டாமல் யாராவது போய்ப் பார்த்தோம். பெரும்பாலும் அம்மாதான் போவாள், ஒவ்வொரு தடவையும் முழுகிவிட்டு வருவாள். குரைப்பு மெல்ல மெல்லத்தான் குறைந்தது. குழந்தை தூங்க ஆரம்பித்தது, காய்ச்சலும் இறங்கியது.

பிறகு ஒரு நாள் அம்மா நாயைத் தடவிக் கொடுத்துவிட்டு, ஆற்றுக்குப் போகாமல் நேரே அடுக்களைக்குள் போய் உலை வைத்தாள். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எப்போதும்போல இலை முன்னால் வந்து உட்கார்ந்தார். அண்ணா போனதிலிருந்து அழாத அம்மா, பரிமாறும்போது வாய்விட்டு அழுதாள்.

வீடு நிறைய மனிதர்கள் இருந்தும் அந்த நாயைத் தொட அத்தனை நாள் ஒரு கை இல்லாமல் போனதே என்று நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. ஓயாமல் குரல் எழுப்புகிற எந்த உயிரைக் கண்டாலும், முதலில் கிட்டப் போய் நிற்க வேண்டும் என்றே தோன்றுகிறது.