கத்திரி அண்ணன் நட்ட கல்

ரிப்பனின் அடிப்பக்கத்தை ஒரு விரலளவு வெட்டிவிட்டு, அந்த வெட்டு வெளியே தெரியாமல் பூ முடிச்சை அதன்மேல் இழுத்து வைக்கிறார் கத்திரி அண்ணன். முக்கால்வாசி வேலையை இவரே முடித்துவிடுவார். மிச்சத்தை விருந்தாளி வெட்டி, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு போவார். "பெரிய மனுஷன் கையில கத்திரி மக்கர் பண்ணிச்சுன்னா கம்பெனியே மக்கர்னு ஊர் பேசும்" என்பார்.

கடல் கடந்து வரும் முதலாளிகளின் விழாக்கள்தான் அண்ணனின் பிழைப்பு. பந்தல், கம்பளம், வெள்ளிக் கொத்துக்கரண்டி, அடிக்கல் எல்லாம் இவர் பொறுப்பு. புகைப்படக்காரர் 'ரெடி' சொன்னால் இவரும் பந்தல்காலுக்குப் பின்னால் நின்று சிரிப்பார். இதுவரை ஒரு படத்திலும் விழுந்ததில்லை.

"ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கு இவர் மாப்பிள்ளை" என்று மனைவி கேலி செய்தால் சுருக்கென்று கோபம் வரும். "உனக்கென்னடி தெரியும்? முதலாளி ஒப்பந்தத்துல கையெழுத்தை ரூமுக்குள்ள போடுறான், யாரு பார்த்தா? நாலு பேர் முன்னாடி கல்லு நட்டாத்தான் பேங்க்காரன் நம்புவான், லாரிக்காரன் நம்புவான். நட்டவனுக்கும் ஒரு கூச்சம் இருக்கும்ல, விட்டுட்டு ஓட மாட்டான்."

சும்மா சொல்லக் கூடாது, புதிய மருந்துத் தொழிற்சாலையின் அடிக்கல் விழாவுக்குத் தேதி குறித்த பிறகுதான் அது வரவிருந்த பொட்டலுக்குத் தார்ச்சாலையும் மின்கம்பமும் வந்தன.

அண்ணனின் மகள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நிரந்தர வேலையில் இருந்தாள். மருந்துத் தொழிற்சாலை அவளுக்கு இடம் உண்டென்று வாய்வார்த்தை சொல்லியிருந்தது. அவள் தயங்கினாள். "அப்பனே கல்லு நடப்போறேன், இன்னும் என்ன யோசனை? தைரியமா ராஜினாமா எழுதிக் குடும்மா" என்றார். விழாவுக்கு முதல் நாள் வேலையை விட்டாள். அன்றே அவள் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்தாயிற்று.

விழா ஜோராக நடந்தது. விருந்தாளிகளின் காலணியில் சிமெண்ட் ஒட்டக் கூடாதென்று அண்ணன் கல்லை மணலில்தான் நிறுத்துவார். கார்கள் கிளம்பிய பிறகு கொத்தனார் வந்து பூசுவார். அன்று கொத்தனார் சட்டியை இறக்கும்போதே கம்பெனி மேலாளரும் வந்து நின்றார்.

"பூச வேண்டாம்ணே. கல்லைத் தூக்கி வேன்ல ஏத்திடுங்க."

"எதுக்கு சார்?"

"இங்க ஒண்ணும் வரப்போறதில்லண்ணே. எனக்கே இப்பத்தான் போன் வந்துச்சு. விழாப் படம் முதலாளிங்க நாட்டுக்குப் போயிடுச்சு, பங்கு விலை ஏறிடுச்சு. அது போதுமாம். கல்லுல கம்பெனி பேர் மட்டும்தானே இருக்கு, அடுத்த ஊருக்கு ஆகும்."

அண்ணனின் தலையில் இடி விழுந்தது. "என் பொண்ணு வேலையை விட்டுட்டா சார்" என்று முதலில் முனகினார். பிறகு அதையே பந்தல் அதிரக் கத்தினார். மேலாளர் வேன் பக்கம் கை காட்டினார். அடப்பாவிகளா! கூச்சமாவது, ஒன்றாவது!

வேன்காரர்கள் இருவர் கல்லைத் தூக்கக் குனிந்தார்கள்.

"கையை எடுங்கடா!"

அண்ணன் அவர்களைத் தள்ளிவிட்டு மண்டியிட்டார். குழைத்து வைத்திருந்த சிமெண்டை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கல்லின் அடியில் அப்பினார். சட்டி காலியானது. அதைக் கொத்தனார் பக்கம் தள்ளினார். "இன்னொரு சட்டி குழை" என்றார், தலை நிமிராமல்.