மாமா ஹொட்டலில் நின்ற திருநாள்

வெயில் என்றால் ஒளிந்துகொள்ள வேண்டிய ஒன்று என்றுதான் எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். நிழலால் போ, கறுத்துப் போவாய், பிறகு உன்னை ஆர் கட்டுவான் என்று ஒரே கரைச்சல். குருநகரில் எங்கள் தெருவில் விரும்பி வெயிலில் கிடந்தவை வலையும் கருவாடும் மட்டும்தான். ஆகவே நோர்வேயில் இருந்த மாமா ஒருநாள் ஸ்கைப்பில் தோன்றி, வெயிலும் கடலும் உள்ள ஊராகப் பார்த்து நாலு நாள் விடுமுறை கழிக்கப் போவதாகவும், அதற்கு யாழ்ப்பாணத்தைத் தெரிவு செய்திருப்பதாகவும் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஊரையா?

"உங்கை வெயில் இல்லையோ அண்ணை?" என்று கேட்டாள் அம்மா.

"மருந்துக்கும் இல்லை, தங்கச்சி."

"அப்ப வாங்கோ. கருவாட்டோடை சேத்துக் காயப் போடுறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கணினியை மூடியதும் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதாள். மாமா அம்மாவின் ஒரே அண்ணன். அவர் இதே வீட்டிலிருந்து ஊரை விட்டுப் போனபோது அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அதன் பிறகு, சண்டை முடிந்து பாதை திறந்த பிறகும்கூட, அவரைக் குரலாகவும் படமாகவும்தான் அவளுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் திட்டம் போடுவதைத் தவிர வேறு வேலை நடக்கவில்லை. மாமாவின் திட்டம் ஒருநாள் கசூரினாக் கடற்கரை, ஒருநாள் நெடுந்தீவு, மிச்ச நேரம் கடலில் குளிப்பு என்று இருந்தது. அம்மாவின் திட்டத்தில் கடலே இல்லை. அதில் நண்டு, கணவாய், இறால், பாரை என்று கடலில் இருப்பவை மட்டும் இருந்தன. இரவிரவாகக் கடலில் கிடந்துவிட்டு வரும் அப்பாவுக்கோ விஷயமே விளங்கவில்லை. "வேலை இல்லாமல் ஆரும் கடலுக்குப் போவினமே?" என்று என்னிடம் கேட்டார், ஏதோ எனக்குத் தெரியும் என்பதுபோல.

பிறகுதான் கக்கூசுப் பிரச்சினை வந்தது. மச்சான் இனிக் குந்த மாட்டார் என்று அப்பா அடித்துச் சொன்னார். வீட்டின் பின்பக்கம், முருங்கை மரத்தடியில், நாங்கள் குப்பை கொட்டுகிற பழைய கிடங்கு ஒன்று இருந்தது. "ஆயத்தமாக் கிடக்கிற கிடங்கு. தோண்டுற வேலை மிச்சம்," என்றார் அப்பா. மேசன் வந்தார். கிடங்கு கக்கூசுக் குழியானது. அதன்மேல் சுவர் எழும்பி, கதவு வைத்து, உள்ளே ஒரு வெள்ளைக் கொமோட்டும் வந்து அமர்ந்தது. மாமா வந்து இருக்கும் வரை வேறு எவரும் அதில் இருக்கக் கூடாது என்று கதவைப் பூட்டித் திறப்பை அம்மா தாலிக்கொடியில் கொழுவிக்கொண்டாள். நான் கதவு இடுக்கால் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

மாமா வருவதற்குக் கிட்டடியில்தான் அந்த இடி விழுந்தது. டவுனில் புதிதாகக் கட்டிய ஹொட்டலில் அறை போட்டுவிட்டாராம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரருக்கு விளங்காது. கூடப்பிறந்தவள் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்க ஒருவர் ஹொட்டலில் நின்றால், அண்ணனும் தங்கச்சியும் வெட்டுக்குத்து என்று ஊர் முழுக்கக் கதைக்கும். அம்மாவின் முகம் கறுத்துவிட்டது.

"ஏன் அண்ணை? நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?"

"பிழை ஒண்டுமில்லை. நான் சரியாக் குறட்டை விடுவன். உங்கடை நித்திரை எல்லாம் கெட்டுப்போடும்."

"குறட்டையோ? என்ரை மனிசன் விடாத குறட்டையே?"

மாமா சிரித்து மழுப்பினார். ஏசி இல்லாமல் அவரால் படுக்க முடியாதாக்கும் என்றார் அப்பா. அம்மா இரண்டு பேரையும் நம்பவில்லை. அண்ணனை ஒருநாளாவது தன் கூரைக்குக் கீழே படுக்க வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே சபதம் எடுத்துவிட்டாள். எங்கள் கோயில் திருநாளுக்குக் கொடியேறும் நாளில் மாமா வருவது அவளுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. திருநாளும் அதுவுமாக எந்த அண்ணன் தங்கச்சி வீட்டை விட்டு ஹொட்டலுக்குப் போவான்?

மாமா வந்தார். நெட்டையாக, வழுக்கையாக, ஸ்கைப்பில் தெரிந்ததைவிடக் கூச்சமான மனிதராக இருந்தார். அம்மா அவர் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. மத்தியானம் சோற்றின்மேல் நண்டுக்கறியைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தாள். போதும் போதும் என்று சொல்லியபடியே மாமா எல்லாவற்றையும் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிய அவர் கண் சொக்கத் தொடங்கியது. அம்மா இதற்காகத்தான் காத்திருந்தாள்.

"கொஞ்சம் சரியுங்கோ அண்ணை. பத்து நிமிசம்."

புது விரிப்புப் போட்ட கட்டிலில் மாமா சரிந்தார். சரிந்தவர் அப்படியே நித்திரையாகிவிட்டார். குறட்டையே வரவில்லை. அம்மா வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சந்தோசத்தை அவள் முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. "இனி எழும்ப இருட்டிப்போடும். பிறகெங்கை ஹொட்டலுக்குப் போறது?" என்று என் காதுக்குள் சொன்னாள். மாமாவை இலையான் மொய்க்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னைக் கட்டிலடியில் இருத்திவிட்டு, தேத்தண்ணிக்குப் பால் வாங்க முன்வீட்டுக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்துக் கோயிலில் கொடி ஏறியது. சங்கிலியாகக் கட்டியிருந்த சீனவெடி முழுவதையும் ஒரேயடியாகக் கொளுத்தினார்கள்.

மாமா எழும்பவில்லை, பாய்ந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் கையை எட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு, குசினிக்குள்ளால், வெறுங்காலோடு, பின்வளவுக்கு ஓடினார். "குனி, குனி, தலையைக் குனி," என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அவர் முருங்கை மரத்தை நோக்கி ஓடியபோது விஷயம் பிடிபட்டுவிட்டதாக நினைத்தேன். நண்டுக்கறி வேலையைக் காட்டிவிட்டது!

"மாமா, திறப்பு அம்மாட்டை," என்று கத்தினேன்.

அவர் கதவைத் திரும்பியும் பார்க்கவில்லை. சுவரின் அடியில் முழங்காலில் விழுந்து, சீமெந்தை இரண்டு கையாலும் தடவினார்.

"வாசல் எங்கை? ஆர் வாசலை அடைச்சது?"

"உதுதான் வாசல் மாமா," என்று கதவைக் காட்டினேன்.

அவர் என்னை மண்ணில் குப்புறத் தள்ளி, எனக்கு மேலே தான் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். வெடி நிற்கவில்லை. என் முதுகில் அவர் நெஞ்சு அடித்த அடியை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். பெரிய ஆட்களுக்கும் நடுங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அம்மா பால் போத்தலோடு ஓடி வந்து, எங்களைக் கண்டு அப்படியே நின்றாள். அந்தக் கிடங்கு, பிளேன்கள் குண்டு போட்ட காலத்தில் பதுங்குவதற்காக மாமா தன் கையால் தோண்டிய பங்கர் என்பதையும், பிளேன் இரைந்தால் என் வயதில் இருந்த அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடி இப்படித்தான் மூடிப் படுப்பார் என்பதையும் பல வருடங்கள் கழித்துத்தான் அம்மா சொன்னாள். பங்கரை அவள் மறந்திருக்கவில்லை. முடிந்துபோன விஷயம் என்று நினைத்து, அண்ணனுக்காகவே அதை மூடி, அண்ணனுக்காகவே அதன்மேல் கக்கூசு கட்டினாள்.

அவள் மண்ணிலேயே எங்களுக்குப் பக்கத்தில் இருந்தாள். "அண்ணை, அது திருநாள் வெடி. கொடி ஏறுது."

"ஓம்," என்றார் மாமா. மெல்ல என்மேலிருந்து விலகி, "ஓம், எனக்குத் தெரியும்," என்றார். எழும்பி என் தலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "பிள்ளைக்கு நொந்ததோ?"

இல்லை என்று தலையாட்டினேன். பிறகு, விருந்தாளியைக் கவனிக்க வேண்டுமே என்று, "அம்மா, கெதியாக் கதவைத் திறவுங்கோ. மாமாவுக்கு அவசரம்," என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. மாமாவின் சப்பாத்தை அம்மாவே எடுத்து வந்து வைத்தாள். "ராவைக்கும் வெடி கிடக்கு. நீங்கள் ஹொட்டலுக்குப் போங்கோ அண்ணை," என்று சொல்லி, தானே ஓட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள். இந்த நித்திரைக்காக மாதக்கணக்காக வீட்டையே தலைகீழாக்கியவள், அவர் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்குமுன் அனுப்பிவிட்டாள். மிச்ச நாட்களில் சாப்பாட்டைக் கரியரில் போட்டு ஹொட்டலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கேட்ட சனத்துக்கெல்லாம், "எங்கடை வீட்டிலை இடம் காணாது," என்று பச்சைப் பொய் சொன்னாள்.

அடுத்த வருடம் மாமா மறுபடியும் ஸ்கைப்பில் திட்டம் போட்டார். எங்கள் தெருவில் வெளிநாட்டில் அண்ணன் உள்ள பெண்கள் எல்லாரும் திருநாளுக்கு வாங்கோ என்று கெஞ்சிக்கொண்டிருந்த நேரம் அது. என் அம்மா மட்டும், "திருநாள் முடிய வாங்கோ அண்ணை. ஹொட்டல் நானே பாத்து வைக்கிறன்," என்றாள். பிறகு ஓட்டோக்காரரிடம், கோயில் வெடி காதில் விழாத ஹொட்டல் எது என்று நாள் முழுக்க விசாரித்தாள். கூடப்பிறந்த அண்ணனை வீட்டுப் பக்கம் அண்டவிடாமல் செய்கிறாளே, இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று நினைத்து, அன்று இரவு நான் அவளோடு படுக்கவில்லை.