பஹ்மி பாஸ் பூட்டிய சைலன்சர்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி மடவளை வீதியில் கொஞ்சத் தூரம் போனால், பழைய டயர்க் குவியல் ஒன்றின் பின்னால் பஹ்மி பாஸின் கராஜ் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் வேலையில் அவர் கைகாரர். கண்டி டவுனிலிருந்தே அவரைத் தேடி வருகிறவர்கள் உண்டு. ஆனால் வருகிறவர்கள் பொறுமையையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். பஹ்மி பாஸ் வண்டியைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்ப்பார். முகத்துக்கு நேரே வந்து நின்று, கண்ணை எடுக்காமல், ஒரு கேள்வியை மூன்று தரம் கேட்பார். எங்கே இருந்து வருகிறாய், யார் அனுப்பியது, இந்த நட்டை யார் கழற்றியது? பெட்ரோல் ஏன் இந்த நிறத்தில் இருக்கிறது?

சந்தேகம் என்றால் லேசுப்பட்ட சந்தேகம் இல்லை. தேநீர்க் கடைக்காரர் பிளேன்டீயில் சீனியைக் கூட்டிப் போட்டால், நேற்றைய தேயிலைச் சாயத்தை மறைக்கத்தான் என்பார். மாமியார் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தால், "இப்ப என்ன வேணுமாம்?" என்று மனைவி நுஸ்ஹாவைக் கேட்பார். நுஸ்ஹா வாயைத் திறக்க மாட்டாள். ஒரு பதில் சொன்னால் அதிலிருந்து ஒன்பது கேள்வி முளைக்கும் என்பது பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் கண்ட உண்மை.

சவுதியில் வேலை செய்த காலத்தில் மனிதர் இப்படி இல்லையாம். போன வருடம்தான் முற்றிப்போனது. மாமா, மாமா என்று கராஜையே சுற்றிவந்த ஒரு பொடியன், தன் வண்டிக்கு அலறுகிற சைலன்சர் ஒன்றைப் பூட்டித்தரக் கேட்டான். பஹ்மியும் முகத்தாட்சணியத்துக்குப் பூட்டிக் கொடுத்தார். அந்தச் சாமானின் பெயரைப் பாருங்கள், சைலன்சர்! சத்தத்தை அடக்குவதற்கென்று பிறந்தது, இப்போது ஊரையே எழுப்புகிறது. பொலிஸ் பொடியனைப் பிடித்தது. மாமா என்ற அதே வாயால் அவன் பஹ்மியைக் காட்டிக்கொடுத்தான். பஹ்மி ஒரு பகல் முழுதும் பொலிஸ் நிலைய வாங்கில் குந்திக்கொண்டிருந்தார். இன்னொரு வண்டி உன் கையால் இப்படிக் கத்தினால் வழக்குத்தான், கராஜையும் இழுத்து மூடிவிட்டுப் போகவேண்டியதுதான் என்று பொலிஸ் பெரியவர் விரலை நீட்டிச் சொல்லி அனுப்பினார். கராஜ் போய்விட்டால் பஹ்மிக்கு வேறு நாதியில்லை. நாற்பத்தாறு வயதில் இன்னொருவன் கராஜில் போய்க் கைகட்டி நிற்பதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான், ஒரு திங்கட்கிழமை காலை கறுப்பையா வந்தார்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். பழைய நூறு சீசீ வண்டி, பின்னால் மீன் பெட்டி. பெட்டிக்கு மேல் உரப்பையில் சுற்றி நீளமாக எதையோ கட்டியிருந்தார். பையைப் பிரித்தார். பளபளவென்று ஒரு சைலன்சர். அந்தப் பொடியன் கொண்டுவந்த அதே வகை.

பஹ்மி அவர் முகத்துக்கு நேரே போய் நின்றார்.

"எங்க ஈந்து வாரீங்க?"

"பன்விலங்க. தோட்டத்துப் பக்கம் மீன் விக்கிறேன். கறுப்பையான்னு பேரு."

"இத யாரு தந்த?"

"எங்க லயத்துல பக்கத்து வீட்டுப் பையன் சதீஸுங்க. பைக்க வித்துப்புட்டு கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டான். இது மட்டும் மிஞ்சிக் கெடந்துச்சு."

"ஒங்கட வயசுக்கு இது என்னத்துக்கு?"

கறுப்பையா நெளிந்தார். "சும்மா, ஒரு ஆசைதாங்க. ஏத்தத்துலயும் வண்டி இழுக்க மாட்டேங்குது பாஸ், அதையும் ஒருக்கா பாருங்க."

ஆசையாம் ஆசை! சாளை மீன் விற்கிற மனிதருக்கு ரேஸ் சைலன்சர் மேல் ஆசை வந்ததாம். அதைவிட, பஹ்மி பேசும்போது அந்த ஆள் அவர் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. பிறகு எங்கேயோ போய் அடையாளம் சொல்லப்போகிறவன்தான் இப்படிப் பார்ப்பான் என்று பஹ்மி முடிவு கட்டினார்.

கிளச் மூடியைக் கழற்றியபோது சந்தேகம் இன்னும் தடித்தது. பிளேட் எல்லாம் கருகிக் கிடந்தன. இன்ஜினை ஈவிரக்கமில்லாமல் முறுக்கியிருக்கிறார்கள். மீன் பெட்டியோடு தோட்டம் தோட்டமாகப் போகிறவர் செய்கிற வேலையா இது? வண்டியை ஓட்டுகிறவன் வேறு யாரோ. இந்த மனிதரை முன்னால் தள்ளிவிட்டு, அவன் எங்கேயோ ஒளிந்து நிற்கிறான். பஹ்மி வண்டிக்கடியில் குனிந்தபடியே வாயைக் கிளறினார்.

"இத ஓட்டுறது வேற ஆள்தானே?"

"ஆமாங்க" என்றார் கறுப்பையா, மேலே நின்றபடி.

பஹ்மிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு லேசாக ஒத்துக்கொள்கிறாரே! அடுத்ததை நக்கலாகத்தான் கேட்டார். "அப்ப ஒங்கள பொலிஸா அனுப்பின?"

"ஆமாங்க, ஆமாங்க."

பஹ்மி அவசரமாகக் கிளச் மூடியைத் திரும்பப் பூட்டினார். கை கழுவப் பைப்படிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். "இதெல்லாம் எனக்குச் செய்ய ஏலா. கொண்டுபோங்க. இனி இந்தப் பக்கமே வரப்படா."

"சரிங்க பாஸ். ரொம்ப நன்றிங்க."

திட்டியதற்கு நன்றி சொல்கிற ஆளை பஹ்மி அன்றுதான் கண்டார். அது அவரை அன்று முழுவதும் அரித்தது.

மறுநாள் காலை அதே நேரம், அதே உரப்பையோடு, முகமெல்லாம் சிரிப்பாகக் கறுப்பையா வந்து இறங்கினார்.

"வந்துட்டேங்க பாஸ். நாளைக்கு வரச் சொன்னீங்களே."

பஹ்மிக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. விரட்டியும் போகாதவன் வேலையோடுதான் வந்திருக்கிறான். அவரை வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டு, பின்பக்கமாகப் போய் மீன் பெட்டியை மோந்து பார்த்தார். மீன் வாடைதான் அடித்தது. வாடையை யாரும் பூசிக்கொண்டு வரலாம் என்று மனதுக்குள் பதில் வந்தது. உடனே போனை எடுத்து, கெலிஓயாவில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிற மச்சான் அஸ்ஃபரைக் கூப்பிட்டார். அந்த அவசரத்தில் குரலைத் தணிக்கவும் மறந்துபோனார்.

"மச்சான், ஒரு ஆள் வந்து ஈக்கி. ஒண்டு பொலிஸ்ட ஆள், இல்லாட்டி கள்ளன். மூஞ்சப் பாத்தாலே தெரியுது, நல்லா நடிக்கிற."

"மெல்லப் பேசுங்க மச்சான், கேக்கப் போகுது" என்று அஸ்ஃபர் அந்தப் பக்கம் சிரித்தான். "ஒங்கட நெழலு பின்னால வந்தாலும் நீங்க அதுக்கிட்ட ஐடென்டிட்டி காட் கேப்பீங்களே."

கறுப்பையா இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, வீதியில் போகிற பஸ்களைப் பார்த்தபடி நிம்மதியாக இருந்தார். கள்ளன் என்ற சொல் விழுந்தபோதும் அவர் தலை திரும்பவில்லை. எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று பஹ்மி பல்லைக் கடித்தார்.

ஆளைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கு ஒரு வழி தோன்றியது. கிளச் பிளேட்டை மட்டும் மாற்றினார். பிறகு முகத்துக்கு நேரே வந்து, "பாலம் மட்டும் போய்ட்டு வாங்க. ஓடிப் பாத்துட்டுத்தான் மத்தது" என்றார். ரேஸ் ஓட்டுகிறவனா, மீன்காரனா என்பது பிடிக்கிற பிடியிலேயே தெரிந்துவிடும்.

கறுப்பையா வண்டியை எடுத்தார். முதல் கியரில் எடுத்தவர் முதல் கியரிலேயே போனார். இன்ஜின் உயிர் போகிற மாதிரிக் கத்தியது. தேநீர்க் கடையில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பஹ்மிக்கும் சிரிப்பு வந்தது. வண்டி பாலம்வரை அப்படியே கதறிக்கொண்டு போய், அப்படியே திரும்பி வந்தது. மேலே இருந்த மனிதர் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல, சாந்தமாக, முதுகை நேராக வைத்துக்கொண்டு வந்தார்.

பஹ்மியின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. ரேஸ்காரன் முறுக்குவான், ஆனால் கியரை மாற்றுவான். இன்ஜின் இப்படிக் கத்துவதைக் கேட்டுக்கொண்டு எந்த மனிதனாலும் சும்மா ஓட்டமுடியாது. கேட்டால்தானே!

கறுப்பையா இறங்கி, வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, வீதியைப் பார்க்கத் திரும்பினார். பஹ்மி பெரிய சுத்தியலை எடுத்து, அவருக்குப் பின்னால் கிடந்த இரும்புத் தகட்டில் ஓங்கி ஓர் அடி அடித்தார். கூரையிலிருந்த காகங்கள் பறந்தன. தேநீர்க் கடைக்காரர் ஏசிக்கொண்டே எட்டிப் பார்த்தார். கறுப்பையா சட்டைப் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

பஹ்மி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு அவர் முன்னால் வந்தார்.

"அண்ணன், ஒங்களுக்குக் காது கேக்காதா?"

கறுப்பையாவின் சிரிப்பு அப்படியே வடிந்தது. முதலில் மறுக்கப் பார்த்தார். பிறகு பஹ்மியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க பாஸ். இருவத்தாறு வருசம் தேயில ஃபெக்டரியில அரைக்கிற மிசினுகிட்ட நின்னேங்க. அதுல போனதுதான். லைசன் புதுப்பிக்க இன்னும் ஒரு வருசம் இருக்கு. தெரிஞ்சா குடுக்க மாட்டாங்க. பைக்கு இல்லாட்டி மீனு எங்கங்க விக்கிறது? வீட்டுல சம்சாரம் இராஜேஸ்வரிக்குக்கூடத் தெரியாது. நான் மொறச்சுக்கிட்டுப் பேசாம இருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

"அதுக்கு இந்தச் சைலன்சர் என்னத்துக்கு?"

"சதீஸு பைக்கு சத்தம் மட்டுந்தாங்க எனக்குக் கேட்டுச்சு. லயத்துல எல்லாரும் அவன ஏசுவாங்க. நான் வாசல்ல வந்து நின்னு கேப்பேன். என் வண்டிக்கும் அப்படி இருந்தா, எப்ப கியர் மாத்துறதுன்னு தெரியும்ல."

பஹ்மிக்கு நேற்றைய ஆமாங்க எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கேள்வி காதில் விழாமல், மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறார் மனிதர். முதுகைக் காட்டிக்கொண்டு வரப்படா என்றதை, நாளைக்கு வாருங்கள் என்று எடுத்திருக்கிறார். இரண்டடி தூரத்தில் வைத்தே கள்ளன் என்றோமே என்று பஹ்மி வெட்கிப்போனார்.

"வழியில எத்தன கராஜ் ஈக்கி. எல்லாத்தையும் உட்டுட்டு ஏன் எனக்கிட்ட வந்தீங்க?"

"மத்தவங்க வேலைய பாத்துக்கிட்டே, எங்கயோ பாத்துக்கிட்டுப் பேசுவாங்க. வாயசைவு தெரியாம ஒண்ணும் வெளங்காது. நீங்க ஒருத்தருதான் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு, மூணு தரம் கேக்குறவரு. மடவளையில ஒரு ஆள் சொன்னாங்க, நீங்க ரொம்ப சந்தேகக்காரருன்னு. எனக்கு அது தோதாப் போச்சு."

சந்தேகத்துக்காக இதுவரை ஏச்சுத்தான் வாங்கியிருந்தார் பஹ்மி. இப்படி ஒருவர் அதைத் தேடி வந்ததும், அதற்காகவே கையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவருக்குத் தாங்கவில்லை. கண் கலங்கியது. கிரீஸ் கையால் துடைத்ததில் எரியவும் செய்தது.

செய்வதா, வேண்டாமா? கராஜ் கண் முன்னால் நின்றது. பொலிஸ் பெரியவரின் விரல் நின்றது. முதலில் சமாளிக்கத்தான் பார்த்தார். புதுச் சைலன்சருக்குள் சத்தத்தைக் குறைக்கிற சின்னக் குழாய் ஒன்று உண்டு. அதைக் கழற்றாமல் பூட்டினால் பொலிஸுக்கும் பொல்லாப்பில்லை. பழையதைக் கழற்றி, பைப் வாயைத் துடைத்து, புது கேஸ்கட் வைத்து, பொருந்தாத பிரக்கட்டை வெட்டி ஒட்டி, ஒன்றரை மணித்தியாலம் மெனக்கெட்டார். உதைத்து ஸ்டாட் செய்தார்.

"கேக்குதா?"

கறுப்பையா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இல்லீங்க."

பஹ்மி இன்னும் கொஞ்சம் முறுக்கினார். "இப்ப?"

"இல்லீங்க பாஸ்." முகம் சுருங்கிப்போனது. "பரவாயில்லீங்க. உட்டுருங்க."

பஹ்மி வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ஒரே ஒரு ஸ்குரூவைக் கழற்றி, உள்குழாயை இழுத்து எடுத்துப் பழைய இரும்போடு எறிந்தார். மறுபடி உதைத்தபோது கராஜின் தகரம் அதிர்ந்தது.

"கேக்குதுங்க!" கறுப்பையா குழந்தை மாதிரிக் கத்தினார். "பாஸ், கேக்குதுங்க!"

இன்ஜின் கேட்டாலும் பின்னால் வருகிற பஸ் கேட்கப்போவதில்லை. அதனால் பஹ்மி இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி பூட்டினார். நிமிஷத்துக்கொரு தரம் இதைப் பார்க்கவேண்டும் என்று முகத்துக்கு நேரே நின்று மூன்று தரம் சொன்னார். கறுப்பையாவும் மூன்று தரம் தலையாட்டினார். போன வருடத்துப் பொலிஸ் கதையையும் பஹ்மி சொன்னார். புறப்படும்போது, செத்தாலும் ஒங்க பேர யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

பஹ்மி வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் கியர். இரண்டு. கொஞ்சம் பிந்தினாலும் மூன்றும் விழுந்தது. வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் சத்தம் வந்துகொண்டேயிருந்தது. வளைவுக்கு அப்பால், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பொலிஸார் வண்டிகளை மறித்துச் சோதிக்கிற இடத்தில், அது சட்டென்று நின்றது.

பஹ்மி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சத்தம் திரும்ப வரவில்லை.

அங்கே யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள், அதுவும் சிங்களத்தில், புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல். இது களவெடுத்ததா என்பார்கள். ரேஸ் ஓடினாயா என்பார்கள். எல்லாவற்றுக்கும் மரியாதையாக அவர் ஆமாங்க சொல்லிக்கொண்டிருப்பார். பூட்டினவன் பேரைச் சொல்லு என்று அடித்துக் கேட்டாலும் பஹ்மியின் பேரை மட்டும் சொல்ல மாட்டார்.

பஹ்மி பாஸ் கையைக்கூடத் துடைக்கவில்லை. கராஜ் கதவை அப்படியே திறந்து போட்டுவிட்டு, கிரீஸ் கையோடு பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடினார். நான்தான் பூட்டினேன் என்பதைச் சிங்களத்தில் ஒழுங்காகச் சொல்லவேண்டுமே என்று ஓடுகிற வழியிலேயே வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.