இடது பக்கத்துத் திரை

நம்பாவிட்டால் போங்கள். ருவான்வெல்லை பஸாரில் நிஸார் நானாவின் கொம்பியூட்டர் கடை இன்றும் திறந்துதான் இருக்கிறது. மூலை மேசையில் மட்டும் அவர் இப்போது யாரையும் உட்கார விடுவதில்லை. ஏன் என்று அவரிடமே கேளுங்கள்.

கொழும்பில் ஒரு கம்பனி. லினக்ஸ் தெரிந்த ஒரே ஒருவருக்கு வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. அன்று மாலை ஆறு மணிக்குள் ஆன்லைனில் பரீட்சை எழுதி அனுப்ப வேண்டும். தவறினால் எனக்கு மறுபடியும் கார்மெண்ட் ஃபெக்டரி வேலைதான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் சிக்னல் ஒரு கோடு வந்தாலே பெரிய விஷயம். அதனால்தான் லெப்டொப்போடு நானாவின் கடைக்கு வந்து அந்த மூலை மேசையில் உட்கார்ந்தேன். வெளியே அடைமழை. நாலு மணிக்கே இருட்டிவிட்டது.

பரீட்சையை விர்ச்சுவல் மெஷினில் எழுத வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அதாவது, என் கொம்பியூட்டருக்குள்ளேயே ஒரு ஜன்னலில் ஓடும் இன்னொரு கொம்பியூட்டர். அதன் திரை 800க்கு 600 என்ற சின்ன அளவில் குந்திக்கொண்டது. கேள்விகள் தெரிந்தன, எழுதியும் முடித்தேன். கடைசியில் இருக்கும் 'அனுப்பு' பட்டன் மட்டும் திரைக்குக் கீழே வெட்டுப்பட்டிருந்தது. உருட்டினாலும் மேலே வரவில்லை.

திரையைப் பெரிதாக்க உதவும் 'கெஸ்ட் அடிஷன்ஸ்' மென்பொருளைப் போட்டேன். ரீஸ்டார்ட். 800க்கு 600. வீடியோ மெமரியைக் கூட்டினேன். ரீஸ்டார்ட். அதே 800க்கு 600! லெப்டொப்பைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

"என்ன கோகிலா, இன்னம் சரி வரல்லியா?" என்று நானா எட்டிப் பார்த்தார்.

"இல்லீங்க நானா. அனுப்புற பட்டனே தெரிய மாட்டேங்குது."

அவர் முகம் மாறியது. முன்பக்கம் போய்விட்டார்.

அப்போதுதான் கவனித்தேன். மவுஸ் அம்பு இடது ஓரத்தைத் தாண்டிப் போய் மறைந்தது... செட்டிங்ஸில் பார்த்தால் இரண்டு திரை. நான் கொடுத்தது ஒன்று. விர்ச்சுவல் மெஷினை அணைத்துவிட்டுத் திரை எண்ணிக்கையைப் பார்த்தேன். ஒன்று. மறுபடி போட்டேன். இரண்டு.

கடுப்பில் என் திரைக்குப் பெரிய அளவு ஒன்றைக் கொடுத்தேன். 'இதையே வைத்துக்கொள்ளவா?' என்று லினக்ஸ் கேட்கும். இருபது விநாடிக்குள் 'ஆம்' அழுத்தாவிட்டால் பழைய அளவுக்கே திரும்பிவிடும். அந்தக் கேள்வி என் திரையில் வரவில்லை. மற்றத் திரைக்குப் போயிருக்கும். சனியன்! பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

டிக்.

மவுஸ் அழுத்தும் சத்தம், என் இடது பக்கம். அங்கே ஒரு காலி நாற்காலி. அதற்கப்பால் சுவர்.

திரை பெரிதாகவே நின்றது. பட்டன் தெரிந்தது.

யாரோ 'ஆம்' அழுத்தியிருக்கிறார்கள்...

ஸ்க்ரீன்ஷொட் எடுத்தேன். அதில் எல்லாத் திரையும் விழும். இடது திரையிலும் அதே பரீட்சை. விடைகள் எல்லாம் எழுதியிருந்தன. பெயர், ஸபியா. பட்டன் மட்டும் கீழே வெட்டுப்பட்டிருந்தது. என் அம்பு என் திரையில் இருந்தது.

அங்கே இன்னோர் அம்பு.

மறுபடி எடுத்தேன். அந்த அம்பு கீழ் ஓரத்துக்கு வந்திருந்தது.

மறுபடி. அதே ஓரம். வேறு இடம்.

தேடிக்கொண்டிருந்தது...

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் அந்த வெட்டுப்பட்ட பட்டனைப் பார்க்கச் சகிக்கவில்லை. அன்று முழுக்க நான் பட்ட பாடல்லவா அது! அந்தத் திரையின் அளவையும் பெரிதாக்கினேன்.

டிக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

டிக்.

செட்டிங்ஸில் இப்போது ஒரே திரை. கடிகாரம் 5.41.

என்னுடையதையும் அனுப்பிவிட்டு முன்பக்கம் ஓடினேன்.

"நானா... ஸபியாங்கிறது யாருங்க?"

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"எண்ட தங்கச்சி. போன வருஷம் அந்த மூலைல இருந்துதான் இதே டெஸ்ட் எழுதினா. பட்டன் தெரியல்லண்டு, பெரிய ஸ்க்ரீன் ஒண்டு கேட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடைக்கி ஓடினா. நல்ல மழை. லொறி வந்தது தெரியல்ல..."

மூன்றாம் நாள் அதே கடையில் இருக்கும்போது எனக்கு மின்னஞ்சல் வந்தது. 'வருந்துகிறோம். அந்த இடம் நிரப்பப்பட்டுவிட்டது.'

அப்போதுதான் நானாவின் ஃபோன் அடித்தது. கொழும்பு நம்பர். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஸபியா இருக்காங்களா? அவங்க விடை அஞ்சு நாப்பத்தொண்ணுக்குக் கெடச்சிச்சு. திங்கக்கிழமை வேலைக்குச் சேரச் சொல்லுங்க."

இருந்தது ஒரே ஒரு இடம்.