நான் துடைத்த மீசை

இன்று சிங்கப்பூர் தோ பாயோ வட்டாரக் காப்பிக்கடையில், கீழ்வீட்டு ஸ்டெல்லாவிடம் அவருடைய அப்பாவின் பழைய படத்தைக் கொடுத்தேன். கணினியில் கீறல்களை நீக்கி நான் அச்சிட்டது.

உற்றுப் பார்த்தார். "மீசை எங்க சார்?"

"அது பேனாக் கிறுக்கல்தானேம்மா? ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடியே அசல் படத்துல ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டேன்" என்றேன், பெருமையாக.

"செத்துப்போன என் தம்பி ஆறு வயசுல வரைஞ்சது சார். அதுக்கு அப்பாகிட்ட அடி வேற வாங்கினான்."

பிறகு அவரே, "பரவால்ல சார், அப்பா இப்ப ஹேண்ட்சமா இருக்காரு லா" என்று சிரித்துவைத்தார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து மவுசைப் பிடித்து அந்த மீசையை வரைந்து பார்க்கிறேன். ஒவ்வொன்றும் வாத்தியார் போட்ட கோடாகவே வருகிறது. எத்தனை பிள்ளைகளின் கிறுக்கலைத் திருத்திய கை இது!

உங்கள் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருந்தால் சொல்லுங்கள், பாடம் கேட்க வருகிறேன்.