புளி உலுக்குற மாசமும் பத்தாவது ரிசல்ட்டும்

ஜமுனாமரத்தூர் சந்தையில் என் நாத்தனாரைப் பார்த்துவிட்டால் போதும், அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெருமைதான் பேச்சு. அவளை மலைக்குக் கீழே கலசப்பாக்கம் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். போன வருஷம் பத்தாவது ரிசல்ட் வந்த வாரம், சாமை மூட்டைக்குப் பக்கத்தில் நின்று நாலு பேர் காதில் விழச் சொன்னாள்: “எங்க ஸ்கூல்ல எல்லாரும் பாஸ் அண்ணி. உங்க மலை ஸ்கூல்ல பாதி பேரு ஃபெயிலாமே?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அவள் சொன்னது உண்மை. கூட நின்ற என் வீட்டுக்காரர் அங்கேயே முடிவு பண்ணிவிட்டார். ஒன்பதாவது முடித்திருந்த எங்கள் மகளுக்கு டிசி வாங்கி, தன் தங்கச்சி வீட்டில் விட்டுப் படிக்க வைப்பதாம். எங்களுக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அவளை அனுப்ப எனக்கு மனசே இல்லை. அவளும் போகமாட்டேன் என்று ஒரே அழுகை.

டிசி கேட்கப் பள்ளிக்கூடம் போன நான் பத்தாவது டீச்சரிடம் சண்டைக்கு நின்றேன். “இன்னா டீச்சர், கீழ எல்லாம் பாஸ் ஆவுது, எங்க புள்ளைங்க மண்டையில மட்டும் களிமண்ணா?”

“மாசி, பங்குனியில என் வகுப்புல யாரு இருக்காங்க, சொல்லுங்க? பரிட்சைக்காகத் திருப்பி நடத்துறப்ப வெறும் பெஞ்சுக்குத்தான் பாடம் எடுக்குறேன். எல்லாரும் புளியமரத்துல இருக்காங்க,” என்றார் டீச்சர்.

எங்கள் மலையில் புளி உலுக்கினால் குடும்பமே மரத்தடியில்தான். ஆம்பளைகள் ஏறி உலுக்குவார்கள், பிள்ளைகள் பொறுக்கும், பொம்பளைகள் நாங்கள் பழத்தின் ஓடு தட்டுவோம். அதில் ஒரு தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதே இல்லை.

டிசி வாங்காமலே திரும்பி வந்து வீட்டுக்காரரிடம் மல்லுக்கு நின்றேன். “இந்த ஒரு வருஷம் வுடுங்க. அவ மரத்துப் பக்கமே வரமாட்டா.”

“அப்ப யாரு பொறுக்குறது?”

“உங்க தங்கச்சியக் கூப்புடுங்க. பெருமை பேசுறாள்ல, வந்து குனியட்டும்!”

வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவர் அதை அப்படியே தங்கச்சியிடம் சொல்லிவிட்டார். மாசியில் நாத்தனார் நிஜமாகவே பஸ் ஏறி வந்துவிட்டாள். “என் இடுப்பு போச்சு அண்ணி” என்று புலம்பிக்கொண்டே பொறுக்கினாள். அதைப் பார்த்து, மகளோடு படித்த மற்ற பிள்ளைகளின் வீடுகள் அநேகமாக எல்லாவற்றிலும் கீழிருந்து சொந்தக்காரர்களை வரவழைத்தார்கள். வேலை இழுத்துக்கொண்டே போனது. ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

இந்த வருஷம் ரிசல்ட் அன்றைக்கு, “பாஸும்மா!” என்று மகள் கத்தினாள். முறத்தை அப்படியே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். வீட்டுக்காரர், “பதினொண்ணாவதும் இங்கியே படிக்கட்டும்,” என்றார். வகுப்பில் ஒரு பையன் மட்டும் கணக்கில் ஃபெயிலாகிவிட்டான்.

அதற்குள் நாத்தனார் போன். “இந்த வருஷமும் நாங்கதான் அண்ணி மேல. உங்கள்ல ஒண்ணு போயிடுச்சே!”

“அவங்க வூட்டுல பொறுக்க ஆள் கெடைக்கல. அவனத்தான் மரத்துக்கு இட்டுக்கினு போனாங்க. வர்ற வருஷம் அவன் தங்கச்சி பத்தாவது,” என்றேன்.

அதற்கு அவள் சொன்னாள்: “சரி, மாசியில வர்றேன். மொதல்ல அவங்க மரத்துக்குப் போவலாம்.”